மூடியை மல்லாத்தி வைத்தவர்

என் கணவர் போன வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு நாள் காலை வெங்காயத்தாள் வாங்கி வரக் கிளம்பினார். வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தை வாசலில் விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், கண்ணே திறக்கவில்லை. அவ்வளவுதான், ஆள் போய்விட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் சமைத்துப் போட்டவளிடம் "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. செத்துப்போனதைக்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டேன். எல்லாரும் போகத்தானே போகிறோம். ஆனால் சொல்லாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. கனவில் வந்தால் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன், கனவிலும் வரவில்லை அந்த மனிதர்.

லூ கென்ஃபூ என்று பெயர். ஊமைக்கோட்டான். வாயில் கொழுக்கட்டையை அடக்கி வைத்திருப்பவர் மாதிரியேதான் எப்போதும் இருப்பார். நானோ ஷாங்காய் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். என் குரல் கடைசி ஸீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பும். வீட்டில் அவர் பங்குக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் எனாமல் குவளையில் தேநீர் குடிப்பார்.

அந்தக் குவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விழுந்த அன்று சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது அது மேசைமேல் இருந்தது. உள்ளே பாதித் தேநீர், ஆறிப்போய். மூடியை வழக்கம்போல மல்லாத்திப் போட்டிருந்தார், குமிழ் உள்ளே, குழி மேலே. இந்த மனிதருக்கு ஒரு மூடியை ஒழுங்காக மூடத் தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்து நானும் கத்தியிருக்கிறேன். காலையில் பாதி குடித்துவிட்டு மூடியை அப்படிப் போட்டுவிட்டுக் கிளம்புவார். நான் மிச்சத்தைக் கொட்டி, குவளையைக் கழுவி, மூடியை நேராக வைப்பேன். அவர் வந்து குவளையைத் திறந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், புதிதாகத் தேயிலை போட்டுக்கொள்வார். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் கொட்டிக் கழுவி நேராக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதேன்.

வசந்தம் வந்தது. கல்லறையைக் கூட்டிப் படையல் வைக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே போய் நின்று என்ன கேட்பது? கல்லும் அவரைப் போலத்தான், பதில் பேசாது. அப்போதுதான் யுவேதாங் என்கிற ஊர் நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். மணலும் செங்கலும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகப் போவார்கள். யுவேதாங்கில் படகைக் கட்டுவார்கள். பிறகு ஷாங்காயில் சாயப்பட்டறை வேலை, கல்யாணம், பெண் குழந்தை, எல்லாம். ஓய்வு பெற்றதும் மாதம் ஒருமுறை அந்த ஊருக்குத் தனியாகக் கிளம்பிவிடுவார். தேநீர் குடிக்கவாம். ஒரு தடவை என்னையும் கேட்டார், "வர்றியா?" என்று. அவருக்கு அதுவே பெரிய சொற்பொழிவு.

"தண்ணியைப் பாக்க ரெண்டு மணி நேரம் பஸ்ஸா? குழாயைத் திறந்தா வீட்லயே வருது," என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

அங்கே யாரிடமாவது ஏதாவது சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை. என்னிடம் சொல்லாததை ஒரு தேநீர்க்கடைக்காரனிடம் சொல்லியிருந்தாலும் போதும், வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மகள் யிவென் போனில் பிடித்துக்கொண்டாள். "அம்மா, தனியாவா போற? டூர் குரூப்போட போயேன். கொடி பிடிச்சு கூட்டிட்டுப் போவாங்க, சாப்பாடும் அவங்களே தருவாங்க."

"வாழ்நாள் முழுக்க நான்தான்டி பஸ்ல ஜனங்களை மேய்ச்சேன். இப்ப இன்னொருத்தி என்னை மேய்க்கணுமா?"

"சரி, அங்க போய் யார்கூடயும் சண்டை போடாதே."

"நான் எங்கடி சண்டை போடறேன்?" என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். சிரிக்கும்போது அப்பாவைப் போலவே இருப்பாள்.

யுவேதாங்கில் இறங்கியபோது மதியம். கல்பாவிய தெருவில் கூட்டம் நெரிந்தது. பழங்கால அரண்மனைப் பெண்களைப் போல வாடகைப் பட்டு உடுத்திக்கொண்ட சின்னப் பெண்கள் பாலத்துக்குப் பாலம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டுக்குக் கீழே கால்களில் ஓட்டப்பந்தய ஷூ. கடைக்குக் கடை சிவப்பாக வேகவைத்த பன்றிக் கால்கள் குவித்து வைத்திருந்தார்கள். புளிக்கவைத்துப் பொரித்த சோயாக்கட்டி தெருவெல்லாம் நாறியது. பச்சை நிறக் கொழுக்கட்டை ஒன்று வாங்கித் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

தேநீர்க்கடையை விசாரித்தேன். பாலத்தடியில் இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரி, "அது விடியக்காலைக் கடைம்மா. மத்தியானத்துக்கு முன்னாடியே ஏறக்கட்டிடுவாங்க. கிழவங்க எல்லாம் தூங்கப் போயாச்சு. நாளைக்கு வாங்க," என்றாள்.

ஆக ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும். என் வாழ்க்கையில் நான் தனியாக எங்கும் தங்கியதில்லை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீட்டின் மாடியறை கிடைத்தது. பையை வைத்துவிட்டு இறங்கினேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம், யாரையும் திட்ட வேண்டாம். கால் போன பக்கம் போனேன். முதலில் என்னவோ போலிருந்தது, பிறகு பிடித்துப்போயிற்று. அது பிடித்துப்போனதில் அவர்மேல் கோபமும் வந்தது. இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் வந்திருப்பேனே ஐயா.

படகுத்துறையில் துடுப்புப் போடுகிற பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒத்த ஆளா? ஒத்த ஆளுக்குப் படகு விட்டா எனக்குக் கட்டுப்படியாகாது. ஆள் சேரட்டும், அப்படி உக்காருங்க."

சேர்ந்தது ஒரு புதுக்கல்யாண ஜோடி. படகு நகர்ந்ததிலிருந்து அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். கரையில் ஒருத்தி துடைப்பத்துணியை வாய்க்கால் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஜன்னல்களில் துணி காய்ந்தது. ஒவ்வொரு பாலத்துக்கு அடியில் போகும்போதும் கொஞ்சம் குளிர்ந்தது.

"ஆன்ட்டி, எங்களை ஒரு போட்டோ எடுக்கிறீங்களா?" என்றான் பையன்.

எடுத்தேன். "இன்னும் கிட்ட உக்காருங்க, இப்ப உக்காராம அப்புறம் எப்ப உக்காரப்போறீங்க," என்றேன். துடுப்புக்காரி பின்னாலிருந்து சிரித்தாள்.

"உங்களையும் ஒண்ணு எடுக்கட்டுமா ஆன்ட்டி?"

வேண்டாம் என்றேன். எதிர்ப்பலகை காலியாக இருந்தது. எனக்கு அவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். பேச வேண்டாம், வழக்கம்போல ஊமையாகவே இருக்கட்டும். இருந்தால் போதும். தண்ணீரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் ஊர் ஊர்க்காரர்களுடையது. பட்டுப் பெண்கள் ஒருத்தியும் இல்லை. கடைக்குள் செங்கல் அடுப்பில் வெந்நீர் கொதித்துப் புகை மூட்டமாக இருந்தது. சதுர மேசைகளைச் சுற்றிக் கிழவர்கள், ஆளுக்கொரு மண்கெண்டி, ஆளுக்கொரு கிண்ணம், சிகரெட். ஒரு பெண்மணி நீள மூக்குக் கெட்டிலோடு மேசை மேசையாக வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்து, "உக்காருங்க அக்கா, இதோ வந்துடறேன்," என்றாள்.

எல்லா இடத்திலும் ஆள். ஜன்னலோர மேசை மட்டும் காலியாக இருந்தது. வாய்க்கால் நன்றாகத் தெரிகிற இடம். அங்கே போய் உட்கார்ந்தேன். மேசைமேல் ஒரு பழுப்பு மண்கெண்டி இருந்தது. அதன் மூடி மல்லாந்து கிடந்தது, குமிழ் உள்ளே, குழி மேலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷாங்காயில்தான் ஒருத்தர் என்று பார்த்தால் இங்கேயும் ஒருத்தனுக்கு மூடத் தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. மூடியை எடுத்துத் திருப்பி நேராக வைத்தேன்.

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அப்புறம் அடுத்த மேசையில் நின்றது. திரும்பிப் பார்த்தால் கடை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெந்நீர்க்காரி கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஏன்க்கா அதைத் தொட்டீங்க?"

"மூடி தப்பா இருந்துச்சு. சரியா வெச்சேன். அதுக்கு ஏன் எல்லாரும் முறைக்கிறீங்க?"

"தப்பா இல்லக்கா. வேணும்னுதான் அப்படி இருந்துச்சு. போன வருஷத்துலேருந்து அப்படியே வெச்சிருக்கேன். இப்படிப் பண்ணிட்டீங்களே." மூடியைத் திரும்ப மல்லாத்தக் கையை நீட்டினாள்.

"விடு யின்தி, அவங்க வெளியூர். தெரியாம செஞ்சுட்டாங்க," என்றார் பக்கத்து மேசைக் கிழவர். எழுபது வயதிருக்கும், பல் இரண்டுதான் மிச்சம். என் பக்கம் திரும்பினார். "என் பேரு ஹுவோலின். தங்கச்சி, இங்க ஒரு வழக்கம் இருக்கு. தேநீர் குடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு வேலை வருது, எழுந்து போறோம். சரக்கு எறக்கணும், மீன் வாங்கணும், ஒண்ணுக்குப் போகணும், என்னவோ. அப்ப மூடியை இப்படி மல்லாத்தி வெச்சுட்டுப் போவோம். ‘போயிட்டு வரேன், எடுத்துடாதீங்க’ன்னு அர்த்தம். வாயைத் திறக்கவே வேணாம். திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கெண்டியை ஒருத்தரும் தொட மாட்டாங்க. குடிச்சு முடிச்சா நேரா வைப்போம். அப்ப எடுத்துடலாம்."

நான் கெண்டியைப் பார்த்தேன்.

"இது ஷாங்காய்ல இருக்கற ஒருத்தரோடது," என்றாள் யின்தி. "லூ அண்ணன்னு பேரு. மாசா மாசம் வருவார். போன வருஷம் ஒரு நாள் மூடியை மல்லாத்தி வெச்சுட்டு, பாலத்துக்கிட்ட கொம்புக்காய் வாங்கப் போனார். பஸ் கிளம்புதுன்னு யாரோ கத்தினாங்க, அப்படியே ஓடிட்டார். சரி, அடுத்த மாசம் வந்து குடிக்கட்டும்னு விட்டேன். கடை மூடும்போது கழுவுவேன், திரும்ப மல்லாத்தி அதே இடத்துல வைப்பேன். நேரா வெச்சா வரமாட்டாரோன்னு எனக்கு ஒரு பயம்."

அந்தக் கொம்புக்காயை நான் தின்றிருக்கிறேன். குளத்தில் விளைகிற கறுப்புக் காய், இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு வைத்தது. அன்று வீட்டுக்கு வந்து அதைத் தாமரையிலையில் சுற்றியபடியே என் முன்னால் வைத்தார். முற்றிப்போனதைத் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். அவர் தோலை மட்டும் பொறுக்கிப் போட்டார்.

"அவர் வீட்லயும் இப்படி வைப்பாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசி ஸீட் வரை கேட்கிற குரல்.

"யாரு?"

"மூடியை. படகுல வேலை பாத்தவங்க வீட்லயும் இப்படித்தான் வைப்பாங்களா?"

ஹுவோலின் சிரித்தார். "படகுக்காரன் கைக்கு வீடென்ன, கடையென்ன? எங்க போனாலும் அப்படித்தான். எங்க வீட்லயும் வெளியே கிளம்பும்போது மல்லாத்தி வெச்சுட்டுத்தான் கிளம்புவேன். என் பொண்டாட்டி நான் திரும்ப வர்ற வரைக்கும் அந்தக் கெண்டியைத் தொட மாட்டா. கோவமா இருந்தா மட்டும் கொட்டிக் கழுவி மூடியை நேரா வெச்சுடுவா. அன்னிக்கு எனக்குச் சோறு கிடையாதுன்னு புரிஞ்சுக்கணும்." கிழவர்கள் சிரித்தார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல். ஒவ்வொரு நாள் காலையும். அவர் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார், நான்தான் அதைக் கொட்டிக் கழுவியிருக்கிறேன். திரும்பி வந்து காலிக் குவளையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? கோபமாக இருக்கிறாள் என்றா? தினமுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் "ஏன்டி கொட்டினே?" என்று கேட்டிருக்கக் கூடாதா அந்த மனிதர்?

வெங்காயத்தாள் வாங்கக் கிளம்பிய அன்றைக்கும் மூடி மல்லாந்துதான் இருந்தது.

யின்தியின் கை மறுபடியும் மூடிக்கு வந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்மா. நேராவே இருக்கட்டும். அவர் வரமாட்டார். போன வருஷமே போயிட்டார். நான் அவர் வீட்டுக்காரி."

அடுப்பில் வெந்நீர் பொங்கி வழிந்து சீறியது, அதை இறக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. யின்தி என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள். அதுவரை அக்கா என்றவள். "உங்களைத் திட்டிட்டேனே."

"பரவால்ல. நான் திட்டாத நாளே கிடையாது. என்னையும் யாராவது திட்டட்டும்." பிறகு கேட்க வந்ததைக் கேட்டேன். "இங்க வந்து பேசுவாரா அவர்? ஏதாவது சொன்னாரா?"

"கென்ஃபூவா?" என்றார் ஹுவோலின். "இந்த ஜன்னல் அவரைவிட அதிகம் பேசும் தங்கச்சி. காத்தடிச்சா கிரீச்சுங்கும்."

இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறார் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். என்னிடம் மட்டும் அடக்கி வைத்திருக்கவில்லை.

"ஒரு தடவை சொன்னார்," என்றாள் யின்தி. "‘அண்ணியைக் கூட்டிட்டு வாங்களேன்’னு கேட்டேன். ‘அவ வந்தா இந்தக் கடைல நிம்மதியா ஒரு வாய் குடிக்க முடியாது’ன்னார். சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். அப்புறம் ரொம்ப நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தார்."

அப்போதுதான் அழுதேன். அத்தனை கிழவர்களுக்கு முன்னால், சத்தமாக, எனக்கு வேறு எப்படியும் அழத் தெரியாது. அவர்கள் மரியாதையாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யின்தி அந்தக் கெண்டியிலேயே தேயிலை போட்டு வெந்நீர் ஊற்றினாள். கசப்பான பச்சைத் தேயிலை, எனக்குப் பிடிக்காது. முழுவதும் குடித்தேன். வெயில் ஜன்னலுக்கு வந்தது. பாலத்தின்மேல் அன்றைய முதல் பட்டுப் பெண் வந்து நின்றாள். கிழவர்கள் ஒவ்வொருவராக மூடியை நேராக வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"கெண்டியை எடுத்துட்டுப் போங்க அண்ணி," என்றாள் யின்தி. "உங்களுக்குத்தான் சேரணும்."

"வேணாம். அலமாரியில வை. நான் வருவேன். உனக்கு நிம்மதியிருக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

பாலத்தருகே கொம்புக்காய் கேட்டேன், இப்போது காலமில்லை, இலையுதிர்காலத்தில் வாருங்கள் என்றார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கடுகுப் பூ மஞ்சளாக இருந்தது. யாரோடும் சண்டை போடாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை அலமாரியிலிருந்து அவருடைய எனாமல் குவளையை எடுத்தேன். தேயிலை போட்டு வெந்நீர் ஊற்றினேன். பாதி குடித்தேன். மூடியை மல்லாத்தி வைத்தேன், குமிழ் உள்ளே, குழி மேலே. வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். கீரைக்காரியிடம் அரைமணி நேரம் வம்பளந்தேன். வெங்காயத்தாள் வாங்கினேன்.

கதவைத் திறந்து உள்ளே வந்தேன். குவளை மேசைமேல் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி மல்லாந்தபடியே கிடந்தது. உள்ளே பாதித் தேநீர் ஆறிப்போய் அப்படியே இருந்தது. அதைக் கொட்டிக் கழுவி வைக்க அந்த வீட்டில் யாரும் இல்லை.